சுங்கை சிப்புட் பட்டறைக்கு வார்ப்பு சிமுலேஷன் மென்பொருள் தேவையா?

கேள்வி இதுதான். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அப்பா நடத்தும் சின்ன பவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் பட்டறை. ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு, கரியமில வாயு விட்டு இறுக்கும் சிலிகேட் மணல். சுற்றியுள்ள செம்பனை ஆலைகளுக்கு வேண்டிய சாமான்கள்தான் பிழைப்பு: பழக்குலை வேகவைக்கும் கூண்டு வண்டிக்கு எஃகுச் சக்கரம், பம்புக்கு இரும்பு இம்பெல்லர். சக்கரத்தின் நடுக்குடத்தை லேத்தில் போரிங் போடும்போது ஓட்டை திறந்துகொள்கிறது. ரைசரை, அதாவது வார்ப்பு உறைந்து சுருங்கும்போது ஈடுகட்ட உலோகம் கொடுக்கும் தொட்டியைப் பெரிதாக்கியும் போகவில்லை. சிமுலேஷன் மென்பொருள் விற்பவர் ஒருவர் வந்து கலர் கலராகப் படம் காட்டிவிட்டு, இதை வாங்கினால் ரிஜெக்ட் நின்றுவிடும் என்று சொல்லிப் போயிருக்கிறார். அப்பாவோ, "இத்தனை காலம் கம்ப்யூட்டரைக் கேட்டா ஊத்தினோம்?" என்கிறார். வாங்கலாமா, எதை வாங்கலாம், சாதாரண லேப்டாப்பில் ஓடுமா?

தம்பி, இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அதற்காக அப்பா கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்த மென்பொருள்கள் நல்ல சரக்குதான். மணல் எப்படி, உலோகம் எத்தனை டிகிரி, எத்தனை விநாடியில் ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் சொன்னதை வைத்து, அப்படியானால் இது இப்படித்தான் உறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். அந்த மூன்றையும் இன்று உங்கள் பட்டறையில் எண்ணாகச் சொல்ல ஆள் உண்டா? அப்பாவுக்குக் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. மென்பொருளுக்கு அது எண்ணாக வேண்டும். அந்த வேலை நடக்காமல் லைசென்ஸ் வாங்கினால் வெள்ளி (ரிங்கிட்) போனதுதான் மிச்சம்.

முதலில் ஓட்டையைப் பாருங்கள். கழித்துப் போட்ட சக்கரம் ஒன்றை எடுத்து, குடத்தை நெடுக்காக இரண்டாக அறுங்கள். கேஸ் வைத்து வெட்டக் கூடாது, உருகின உலோகம் ஓட்டையின் முகத்தை மூடிவிடும். ரம்பத்தில் அறுக்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சுவர் சொரசொரப்பாக, பொடிப்பொடியாகக் கிளைவிட்ட படிகங்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது சுருக்கத்தால் வந்த ஓட்டை. உறையும்போது உள்ளே உலோகம் போதாமல் போயிருக்கிறது. சுவர் வழவழவென்று, உருண்டையாகப் பளபளத்தால் அது காற்று, அதாவது வாயு. ஈர மணல், சரியாகக் காயாத லேடில் (உருகிய உலோகத்தை ஏந்தி ஊற்றும் கலம்), மழையில் நனைந்த ஸ்கிராப், கோரிலிருந்து (துளை விழ அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டை) கிளம்பிய புகை என்று அதற்குக் காரணம் வேறு வரிசை. இரண்டும் கலந்தும் வரும். சாதாரணமாக விற்கும் சிமுலேஷன் தொகுப்பு முதல் வகையைத்தான் நன்றாகச் சொல்லும். உங்களுடையது இரண்டாவது வகையாக இருந்தால், எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கினாலும் அந்தப் படத்தில் ஓட்டை தெரியாது. விற்க வந்தவர் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டாரா?

ஆனாலும் நீங்கள் கொடுத்த அளவுகளைப் பார்த்தால் இது சுருக்கம்தான் என்று எனக்குப் படுகிறது. கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

1940இல் செக் நாட்டுப் பொறியாளர் நிக்கோலஸ் ஷ்வோரினோவ் ஒரு விதியை எழுதி வைத்தார். ஒரு வார்ப்பு உறைய ஆகும் நேரம், அதன் கன அளவைக் குளிரும் பரப்பால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த எண்ணுக்கு மாடுலஸ் என்று பெயர். எண் பெரிதென்றால் அந்த இடம் கடைசியில் உறையும். உங்கள் சக்கரத்தில் குடத்தையும் விளிம்பையும் இணைக்கும் தட்டு 18 மி.மீ. தடிப்பு, இரண்டு பக்கமும் மணல். ஆக மாடுலஸ் தடிப்பில் பாதி, 0.9 செ.மீ. வெளி விளிம்பு 45க்கு 70 மி.மீ.; கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.5 செ.மீ. நடுக்குடம் 110 மி.மீ. விட்டம், 90 உயரம், உள்ளே 50 மி.மீ. கோர். கோரும் நன்றாகச் சூட்டை வாங்கும் என்று வைத்துக்கொண்டால் 1.25 வருகிறது. ஆனால் நாலு பக்கமும் எஃகு சூழ்ந்த அவ்வளவு சின்ன கோர் சீக்கிரமே பழுத்துப்போய்விடும், அப்புறம் சூட்டை வாங்காது. கோரைக் கணக்கிலேயே சேர்க்காவிட்டால் குடத்தின் மாடுலஸ் 1.7. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ. மோசமானதை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது வர்க்கம் போடுங்கள். தட்டு உறைய ஒரு பங்கு நேரம் ஆனால், விளிம்புக்கு ஏறத்தாழ 2.8 பங்கு, குடத்துக்கு 3.6 பங்கு. உங்கள் ரைசர்கள் இரண்டும் எங்கே இருக்கின்றன? விளிம்பின் மேல். குடத்துக்கு உலோகம் போக வேண்டுமென்றால் தட்டு வழியாகத்தான் போக வேண்டும். தட்டோ எல்லாருக்கும் முந்திக் கதவை அடைத்துவிடுகிறது. அடைத்தபின் ரைசரில் வாளி வாளியாக உலோகம் நின்றாலும் குடத்துக்கு ஒரு சொட்டு வராது. ரைசரைப் பெரிதாக்கியும் ஓட்டை போகாததன் காரணம் இதுதான். அளவில் கோளாறு இல்லை, இடத்தில் கோளாறு.

குடத்துக்குத் தனியாக, அதன் தலையிலேயே ஒரு ரைசர் வேண்டும். ரைசரின் மாடுலஸ் குடத்தைவிட 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்பது எஃகு வார்ப்பில் பழைய வழக்கம். 1.7ஐ 1.2ஆல் பெருக்கினால் 2.04. விட்டமும் உயரமும் சமமான உருளை ரைசர், அடிப்பக்கம் வார்ப்போடு ஒட்டியிருந்தால், அதன் மாடுலஸ் விட்டத்தில் ஐந்தில் ஒன்று. ஆக 10 செ.மீ. சொச்சம் விட்டம். 11 செ.மீ. குடத்தின் மேல் 10 செ.மீ. ரைசர் என்றால் அப்பா முகம் சுளிப்பார், வெட்டி எடுப்பதும் பெரிய வேலை. அப்படியென்றால் ரைசரைச் சுற்றிச் சூடு காக்கும் ஸ்லீவ் (உறை) போடுங்கள். அதே வேலையை இன்னும் சின்ன ரைசர் செய்யும். மணலில் வெறுமனே நிற்கும் உருளை ரைசர் தன் கனத்தில் ஏழில் ஒரு பங்குதான் வார்ப்புக்குக் கொடுக்கும், மீதி அதன் வயிற்றிலேயே உறைந்துவிடும். உருக்கிய எஃகை வெட்டித் திரும்ப அடுப்பில் போடும் மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஸ்லீவ் விலை ஒன்றும் பெரிதில்லை. விளிம்புக்கு இருக்கும் இரண்டு ரைசர்கள் இருக்கட்டும். அவற்றுக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புச் சில் (chill, சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சும் இரும்புக் கட்டி) வைத்துப் பாருங்கள். சில் பட்ட இடம் முதலில் உறைந்து, அங்கிருந்து ரைசரை நோக்கி உறைதல் நகரும்.

இவ்வளவுக்கும் ஒரு காகிதமும் கால்குலேட்டரும் போதும். அப்படியானால் மென்பொருள் எதற்கு?

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? தட்டு தனியாக நிற்பதுபோல 0.9 என்று எடுத்துக்கொண்டேன். நிஜத்தில் அந்தத் தட்டு குடத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் வெறும் 50 மி.மீ. அகலந்தான். இரண்டு பக்கமும் தடித்த உலோகம் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தட்டு நான் சொன்னதைவிடத் தாமதமாகத்தான் உறையும். எவ்வளவு தாமதம், அதற்குள் குடத்துக்குக் கொஞ்சம் உலோகம் போய்ச் சேருமா, தட்டும் குடமும் சேரும் மூலையில் மணல் எவ்வளவு பழுக்கும் என்பதையெல்லாம் கையால் போட முடியாது. மென்பொருள் வார்ப்பையும் அச்சையும் சின்னச் சின்ன செல்களாக வெட்டி, ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லுக்கு எவ்வளவு சூடு கொடுக்கிறது என்று நொடிக்கு நொடி கணக்குப் போடுகிறது. 1960களிலேயே அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்கள் எஃகு வார்ப்புக்கு இப்படிக் கணினிக் கணக்குப் போட்டார்கள். உலோகம் அச்சுக்குள் பாய்ந்து நிரம்புவதைக் கணக்கிடும் வழி ஒன்றை ஹர்ட், நிக்கல்ஸ் என்ற இருவர் 1981இல் வெளியிட்டார்கள். இன்று விற்பனையாளர் காட்டும் பாய்ச்சல் படங்கள் பலவற்றுக்கு அதுதான் அடிவேர்.

பெயர்களைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் 1988இல் தொடங்கிய மேக்மா நிறுவனத்தின் மேக்மாசாஃப்ட் பெரிய பவுண்டரிகளில் அதிகம் புழங்குவது. புரோகாஸ்ட், ஈஎஸ்ஐ நிறுவனத்துடையது. 2023இல் அந்நிறுவனம் கீசைட்டின் கைக்குப் போனது. கோணல்மாணலான வடிவங்களுக்கும் அழுத்தம், விரிசல் பார்ப்பதற்கும் அது நல்லது. ஃப்ளோ-3டி காஸ்ட் நான் மேலே சொன்ன ஹர்ட் தொடங்கிய கம்பெனியின் சரக்கு, பாய்ச்சலில் கெட்டி. ஜப்பானின் ஜேஎஸ்காஸ்ட், அட்ஸ்டெஃபன், கொரியாவின் எனிகாஸ்டிங், சுவீடனின் நோவாஃப்ளோ, அமெரிக்காவின் சாலிட்காஸ்ட் என்று இன்னும் இருக்கின்றன. உங்களுக்கு நெருக்கமானது என்று நான் நினைப்பது ஆட்டோகாஸ்ட்: ஐஐடி பம்பாயில் பேராசிரியர் பி. ரவி சின்ன, நடுத்தரப் பவுண்டரிகளை மனத்தில் வைத்து உருவாக்கியது. அதே ஆய்வகம் ஈ-ஃபவுண்டரி என்ற இணையத் தளத்தில் பாடங்களையும், வடிவத்தை ஏற்றிச் சூட்டு மையங்களைப் பார்க்கும் வசதியையும் இலவசமாகக் கொடுத்தது. அது இப்போதும் திறந்தால், காசு செலவில்லாமல் பழக அங்கிருந்து தொடங்குங்கள்.

எந்தப் பெயராக இருந்தாலும் உள்ளே போடும் எண்கள்தான் பதிலைத் தீர்மானிக்கும். டை காஸ்டிங்கில் (இரும்பு அச்சில் வார்ப்பது) உலோகத்துக்கும் அச்சுக்கும் நடுவில் விழும் மெல்லிய காற்று இடைவெளி எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும். மணல் அச்சில் அப்படியில்லை. அங்கே சூட்டைத் தடுத்து நிறுத்துவது மணல்தான். ஆகவே மணலைப் பற்றிய விவரம் தப்பானால் எல்லாம் தப்பு. மென்பொருளோடு வரும் தரவுகள் எந்த ஊர் மணலையோ வைத்து அளந்தவை. பேராக்கில் பழைய ஈய லம்பத்து (சுரங்கத்து) மணலை வாரிச் சலித்துப் போடுகிற நாம் அதை அப்படியே நம்பக் கூடாது. சரிபார்க்கும் வழி எளிது. அச்சில், உலோகத்திலிருந்து 10 மி.மீ., 30 மி.மீ. தூரங்களில் இரண்டு தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) புதைத்து, ஊற்றியபின் சூடு ஏறுவதைப் பதிவு செய்யுங்கள். அதே இடத்தில் மென்பொருள் காட்டும் கோட்டோடு ஒத்துப்போகும்வரை மணலின் எண்களைத் திருத்துங்கள். இதை ஒருமுறை செய்துவிட்டால் உங்கள் மணலுக்குரிய தரவு உங்களிடம் இருக்கும். இதைச் செய்யாமலே வருஷக்கணக்காக ஓட்டும் கம்பெனிகளும் உண்டு. அங்கே கலர் படம் வாடிக்கையாளருக்குக் காட்டத்தான்.

ஊற்றும் வெப்பநிலையும் அப்படித்தான். கார்பன் எஃகு 1,500 டிகிரிக்குச் சற்று மேலே உறையத் தொடங்கும். நீங்கள் 1,600இல் அடுப்பிலிருந்து இறக்கினாலும், லேடில் குளிர்ந்திருந்தால் அச்சுக்குப் போகும்போது என்ன மிச்சம் என்பது யாருக்குத் தெரியும்? தூரத்திலிருந்து சுட்டிப் பார்க்கும் அகச்சிவப்புக் கருவி கசடைப் பார்த்து ஏமாந்துவிடும். முக்கி அளக்கும் முனை வாங்கி லேடிலில் அளந்து எழுதுங்கள். எத்தனை விநாடியில் அச்சு நிரம்புகிறது என்று கைப்பேசியில் வீடியோ எடுத்தால் போதும். அப்பா ஊற்றும்போது எடுங்கள், மற்றவர் ஊற்றும்போதும் எடுங்கள். இரண்டும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

மென்பொருள் கடைசியில் காட்டும் படங்களில் எஃகுக்கு முக்கியமானது நியாமா எண். ஜப்பானியர் நியாமா 1982இல் கொடுத்தது. உறைந்து முடியும் தறுவாயில் அந்த இடத்தில் வெப்பநிலை எவ்வளவு சரிவாக இருக்கிறது என்பதை, குளிரும் வேகத்தின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். சரிவு இருந்தால் ரைசரிலிருந்து உலோகம் இழுபடும். சரிவு தட்டையானால் நடுவில் நுண்துளை விழும். எஃகில் இந்த எண் 1க்குக் கீழே போனால் கவனம் என்பார்கள். ஆனால் அந்த 1, நிமிடமும் சென்டிமீட்டரும் வைத்துப் போட்ட கணக்கு. விநாடியும் மில்லிமீட்டரும் வைத்துக் காட்டும் மென்பொருளில் அதே எல்லை சுமார் 0.78 ஆகிவிடும். அலகைப் பார்க்காமல் சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் பார்த்து ரைசரைக் கூட்டிக் குறைத்தால் வீண் செலவு. இன்னொன்று: நிறம் எங்கே மாற வேண்டும் என்பதை ஓட்டுகிறவர்தான் வைக்கிறார். அளவுகோலை நகர்த்தினால் மோசமான வார்ப்பும் பச்சையாகத் தெரியும்.

இந்த நியாமா எண்ணை உங்கள் இம்பெல்லருக்குப் பயன்படுத்தாதீர்கள். சாம்பல் இரும்பு உறையும்போது கிராஃபைட் விரிந்து, சுருக்கத்தில் பெரும்பங்கைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அங்கே அச்சு எவ்வளவு உறுதி, கார்பனும் சிலிக்கனும் எவ்வளவு, இனாகுலன்ட் (கிராஃபைட் நன்றாக உருவாகச் சேர்க்கும் பொடி) போட்டு எத்தனை நிமிடம் கழித்து ஊற்றினீர்கள் என்பதுதான் பேச்சு. எல்லா மென்பொருளும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

திரும்பவும் அந்த விற்பனையாளரிடம் வருவோம். அவரை விரட்ட வேண்டாம், வேலை வாங்குங்கள். ஓட்டை உள்ள சக்கரத்தின் முப்பரிமாண வரைபடம், ரைசர், கேட் (உலோகம் அச்சுக்குள் நுழையும் வழி) இருக்கும் இடம், நீங்கள் அளந்த வெப்பநிலை, ஊற்றிய நேரம் எல்லாம் கொடுங்கள். ஓட்டை எங்கே என்று மட்டும் சொல்லாதீர்கள். கூடவே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு வார்ப்பையும் கொடுங்கள். முதலாவதில் சரியான இடத்தில் ஓட்டை காட்டி, இரண்டாவதைச் சுத்தம் என்று சொன்னால் ஆள் விஷயம் தெரிந்தவர், மென்பொருளும் வேலை செய்கிறது. இரண்டிலும் சிவப்பு காட்டினால் அது எச்சரிக்கை இல்லை, பயமுறுத்தல். ஓட்டை எங்கே என்று முன்கூட்டியே கேட்டு அடம்பிடித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மாதத்துக்கு எத்தனை புதுப் பேட்டர்ன் (மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரி) செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மற்றதை முடிவு செய்யலாம். ஆலைச் சாமான் என்றால் பெரும்பாலும் அதே சக்கரம், அதே இம்பெல்லர். புது வேலை எப்போதாவது வரும் பட்டறை, ஒவ்வொரு வேலைக்கும் கூலி கொடுத்து வெளியே ஓட்டிக்கொள்வதுதான் லாபம். கோயம்புத்தூரில் இப்படி வேலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சிமுலேஷன் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கோப்பை அனுப்பினால் போதும், அதுவும் தமிழிலேயே பேசி முடிக்கலாம். வாரத்துக்கொரு புது அச்சு என்ற நிலை வந்தால், அதுவும் எஃகு வேலை கூடினால், அப்போது லைசென்ஸைப் பற்றிப் பேசுங்கள். அப்போதும் வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, கட்டாவிட்டால் மென்பொருள் தொடர்ந்து ஓடுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 10 மலேசியத் தொழிலாளர்களாவது இருந்தால் உங்கள் பட்டறை, தொழிலாளர் பயிற்சிக்கான அரசு அமைப்பான ஹெச்ஆர்டி கோர்ப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டிக்கொண்டிருக்கும். மென்பொருளுக்கு அது கிடைக்காவிட்டாலும், அங்கீகரித்த பயிற்சி என்றால் கட்டணத்தை அதிலிருந்து கோரலாம்.

லேப்டாப் விஷயம் சின்னதுதான். வெறும் உறைதல் கணக்கென்றால் உங்கள் சக்கரத்துக்குப் புதிய லேப்டாப் எதுவும் தாங்கும். 18 மி.மீ. தட்டுக்குக் குறுக்கே குறைந்தது மூன்று நான்கு செல் வேண்டும், அதாவது 5 மி.மீ. செல். இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாமே என்று அதைப் பாதியாக்கினால் செல்களின் எண்ணிக்கை எட்டு மடங்காகும். சில கணக்கு முறைகளில் கணக்கு முன்னேறும் ஒவ்வொரு நேரத் துண்டும் நாலில் ஒன்றாகச் சுருங்கி, வேலை முப்பது மடங்குக்கு மேல் போய்விடும். பாய்ச்சலும் சேர்த்து ஓட்டினால் இரவு போட்டுவிட்டுக் காலையில் பசியாறிவிட்டு வந்து பார்க்க வேண்டியதுதான். மெஷினை மோல்டிங் கொட்டகையில் வைக்காதீர்கள், இரும்புத் தூசி உள்ளே போனால் போர்டு போய்விடும். அடுப்பை ஏற்றும்போது விளக்கு மங்குகிற லைன் என்றால் ஒரு யூபிஎஸ்ஸும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.